சான்றுக்காகக் காத்திருப்பதா, சான்றை வரவழைப்பதா? செயற்கை நுண்ணறிவுச் சட்டத்துக்கு முன்னுள்ள வழிகள்

2024 செப்டம்பர் 29 அன்று கலிஃபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி அனுப்பியிருந்த எஸ்.பி. 1047 என்னும் மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். சரியாக ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 29 அன்று, செனட்டர் ஸ்காட் வீனர் மீண்டும் கொண்டுவந்த எஸ்.பி. 53 என்னும் மசோதாவில் அதே ஆளுநர் கையெழுத்திட்டார். இரண்டு மசோதாக்களும் மிகப் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை, அதாவது சாட்ஜிபிடி போன்ற கருவிகளை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்களை, பற்றியவை. இரண்டும் பேரழிவு அளவிலான தீங்கைத் தடுப்பதற்கென எழுதப்பட்டவை. முதலாவது, மாதிரியை முழுவதுமாக நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை நடக்க வேண்டும், பெருந்தீங்கு நேர்ந்தால் நிறுவனம் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும் என்று விதித்தது. இரண்டாவது, நிறுவனங்களுக்குள் இருக்கும் தகவலை வெளியே கொண்டுவருவதையே தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது.

இந்த மாற்றத்துக்கு இடையில் ஓர் அறிக்கை இருக்கிறது. முதல் மசோதாவைத் திருப்பியனுப்பியபோது, அது மாதிரிகளின் உண்மையான வளர்ச்சிப் போக்கைக் கண்டறிந்து எழுதப்படவில்லை என்பதை நியூசம் ஒரு குறையாகச் சொன்னார். அதையொட்டி ஃபேய்-ஃபேய் லீ, ஜெனிஃபர் சேய்ஸ், மரியானோ-ஃப்ளோரென்டினோ கியூயார் ஆகிய மூன்று அறிஞர்கள் தலைமையில் அமைந்த பணிக்குழு, 2025 ஜூன் மாதத்தில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சான்றை அடிப்படையாகக் கொண்டு கொள்கை வகுக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. யாரும் மறுக்க மாட்டார்கள்தான். ஆனால் போதுமான சான்று இன்னும் கையில் இல்லாதபோது ஓர் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இந்திய அரசும் இதே முடிவின் முன்னால் நிற்பதால், இந்த ஒப்பீடு நமக்கு அயலார் விவகாரம் அல்ல.

காத்திருக்கும் வழி

முதல் வழி, சான்று முதிரும்வரை சட்டம் இயற்றாமல் இருப்பது. இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. அவசரத்தில் எழுதப்படும் விதி தவறான இடத்தில் விழும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2024 மார்ச் 1 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், முழுமையாகச் சோதிக்கப்படாத மாதிரிகளை இந்தியப் பயனர்களுக்குத் தருவதற்கு முன் அரசின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று ஓர் அறிவுரையை வெளியிட்டது. எதைச் சோதித்தால் ‘முழுமை’ என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. இரண்டு வாரங்களுக்குள், மார்ச் 15 அன்று, அனுமதி நிபந்தனை நீக்கப்பட்ட புதிய அறிவுரை பழையதன் இடத்தில் வந்தது. அளவிடும் முறை இல்லாமல் விதிக்கப்பட்ட நிபந்தனை அந்த அளவுக்குத்தான் தாங்கியது.

ஆயினும் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை யார் தலையில் விழுகிறது என்பதைப் புகையிலையின் வரலாறு காட்டுகிறது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு வெளியிட்டார்கள். 1954 ஜனவரியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, இன்னும் ஆய்வு தேவை என்றும் அதற்குத் தாங்களே நிதி தருவதாகவும் அறிவித்தன. அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964இல்தான் வந்தது. நிறுவனங்களுக்குள் என்ன தெரிந்திருந்தது என்பதை உலகம் விரிவாக அறிந்துகொண்டது 1990களில், வழக்குகளின் வழியாக உள் ஆவணங்கள் வெளிவந்த பிறகு. கலிஃபோர்னியப் பணிக்குழுவும் இந்த வரலாற்றை எடுத்து ஆராய்ந்திருப்பது தற்செயலானதன்று. ‘இன்னும் சான்று வேண்டும்’ என்ற கோரிக்கை அறிவியலின் குரலாகவும் இருக்கலாம், அறிவியலைத் தள்ளிப்போடும் குரலாகவும் இருக்கலாம். கோருபவர் சான்றை உருவாக்க உதவுகிறாரா, மறைத்து வைக்கிறாரா என்பதைப் பார்த்தே எது என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் இந்த வழியின் கடுமையான வடிவம் 2025இல் முன்வைக்கப்பட்டது. மாநிலங்கள் செயற்கை நுண்ணறிவு தொடர்பான சட்டங்களைப் பத்தாண்டுகளுக்கு நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற பிரிவு கூட்டாட்சி மசோதா ஒன்றில் சேர்க்கப்பட்டுப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஜூலை 1 அன்று செனட் சபை அதை 99க்கு 1 என்ற வாக்கில் நீக்கியது. அந்தப் பத்தாண்டில் எந்தத் தரவைத் திரட்ட வேண்டும், அதை யார் திரட்ட வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவு எதையும் விதிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்த ஒரே காரணத்துக்காகவே அது சான்று சார்ந்த கொள்கை என்ற பெயருக்குத் தகுதியற்றது.

வரம்பு வகுக்கும் வழி

இரண்டாவது வழி, முன்னெச்சரிக்கையாகச் சட்டத்தை முதலில் இயற்றிவிடுவது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதன் முழு வடிவம். ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கச் செலவான கணக்கீடுகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 25 சுழியங்கள் வரும் அளவைத் தாண்டினால், அது சமூகத்தைப் பரவலாகப் பாதிக்கக்கூடிய ஆபத்து உடையது என்று அச்சட்டம் முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. எஸ்.பி. 1047 இதைவிடப் பத்து மடங்கு உயர்ந்த வரம்பை வைத்துக்கொண்டு, கூடவே பயிற்சிச் செலவு 10 கோடி டாலரைத் தாண்ட வேண்டும் என்றது.

இத்தகைய வரம்பின் நன்மை அதன் தெளிவு. நிறுவனம் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே தான் எந்தப் பக்கம் நிற்கப் போகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள முடியும். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. ஆனால் கணக்கீட்டின் அளவு ஆபத்தின் அளவாகுமா என்பது ஓர் அறிவியல் கேள்வி. அதற்கான விடை சட்டம் எழுதப்பட்ட பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஓ1, 2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 ஆகிய மாதிரிகள், விடையளிக்கும் நேரத்தில் கூடுதலாக ‘யோசிக்க’ வைப்பதன் மூலமும் திறனை உயர்த்தலாம் என்று காட்டின. பயிற்சியின்போது செலவான கணக்கீட்டை மட்டும் எண்ணும் வரம்பு அந்த உயர்வைப் பார்ப்பதில்லை. சிறிய மாதிரிகளும் ஆபத்தான பணிகளில் பயன்படலாம் என்று நியூசம் தன் மறுப்பில் சொன்ன காரணம் இந்த அளவில் சரியானதே.

ஐரோப்பியச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பலவீனத்தை அறிந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வரம்பைப் பின்னர் திருத்தும் அதிகாரம் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. சுதந்திரமான அறிவியலாளர் குழு ஒன்று ஆபத்தான மாதிரியைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கை விடுக்கவும் வழி இருக்கிறது. சட்டத்தின் உடலுக்குள்ளேயே புதிய சான்று நுழைவதற்கு ஒரு கதவு வைத்தது அதன் மிகச் சிறந்த பகுதி என்பேன். சிக்கல் வேறிடத்தில் வந்தது. வேலைக்கு ஆளெடுத்தல், கடன் வழங்கல் போன்ற அதிக ஆபத்துள்ள பயன்பாடுகளுக்கான கடமைகள் 2026 ஆகஸ்டில் தொடங்கும் என்று நாள் குறிக்கப்பட்டது. அவற்றை எப்படி அளந்து நிறைவேற்றுவது என்று சொல்ல வேண்டிய தொழில்நுட்பத் தரநிலைகளோ குறித்த காலத்துக்குள் தயாராகவில்லை. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே அந்தக் கடமைகளைத் தள்ளிவைக்க முன்மொழிந்தது. கடமை முதலில், அளவுகோல் பின்னால் என்ற வரிசை, சட்டத்தை விரும்பியவர்களுக்கும் சங்கடத்தைத் தந்தது.

சோதனைக்கூட வழி

மூன்றாவது வழி, சட்டத்துக்கு முன் அரசே ஒரு சோதனை நிறுவனத்தை உருவாக்குவது. 2023 நவம்பரில் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த உச்சிமாநாட்டை ஒட்டிப் பிரிட்டன் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனம் இதற்கு முன்னோடி. மாதிரிகளை வெளியீட்டுக்கு முன்பே சோதிக்க நிறுவனங்கள் தாமாக அனுமதி தருகின்றன. பிரிட்டனின் இந்தப் பாதுகாப்பு நிறுவனம் தான் உருவாக்கிய ‘இன்ஸ்பெக்ட்’ என்ற சோதனை மென்பொருளை 2024இல் எல்லாரும் பயன்படுத்தும்படி இலவசமாகவும் வெளியிட்டது.

அரசு அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முகமறியும் மென்பொருள்களின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடாக இருக்க, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றதைக் காட்டியது. மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை மட்டுமே அவர்கள் பார்த்தார்கள் என்பதால் அது தற்செயலாக இருக்கலாம் என்று வாதிட இடம் இருந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில், முகங்களைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருள்களைச் சோதித்து, அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்தது: 99 நிறுவனங்களின் 189 மென்பொருள்கள், ஏறத்தாழ 85 லட்சம் பேரின் 1.8 கோடிக்கும் மேற்பட்ட படங்கள். இருவரைத் தவறாக ஒருவரெனப் பொருத்தும் பிழை, மக்கள் பிரிவுக்கு ஏற்ப, பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. அதே நேரத்தில் சில மென்பொருள்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவாக இருந்ததையும் அந்தச் சோதனை காட்டியது. பிழை தவிர்க்க முடியாதது என்று இனி எந்த நிறுவனமும் சொல்ல முடியாது என்பதால், கொள்கை வகுப்பவருக்கு இந்த இரண்டாவது முடிவே கூடுதல் பயன் தருவது. முகமறிதல் காட்டிய பொருத்தத்தை நம்பித் தவறாக ஒருவரைக் கைது செய்த டெட்ராய்ட் காவல்துறை, 2024இல் வழக்குச் சமரசத்தின் பகுதியாக, அந்த ஒரு பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்தச் சோதனையும் விருப்பத்தின் பேரில் நடந்ததே. அமெரிக்கக் காவல்துறையினருக்குத் தன் மென்பொருளை விற்றுவந்த அமேசான் அதில் கலந்துகொள்ளவில்லை. சோதனைக்கு வராதவரை என்ன செய்வது என்பதற்கு இந்த வழியில் பதில் கிடையாது. எதைச் சோதிக்கலாம், எவ்வளவு நாள் சோதிக்கலாம், முடிவில் எதை வெளியிடலாம் என்பதெல்லாம் நிறுவனத்தின் இசைவைப் பொறுத்தே அமையும்போது, தேர்வெழுதும் மாணவரே வினாத்தாளையும் நாளையும் தேர்ந்தெடுக்கும் நிலைமைதான் மிஞ்சும்.

இங்கே சான்றின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வமைப்பு, 16 அனுபவமிக்க நிரலாளர்களின் 246 பணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பணியிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தது. கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் பணியை முடித்த பிறகும் தாங்கள் சுமார் 20 விழுக்காடு விரைவாக வேலை செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். பயனர் கருத்துக் கணிப்பை மட்டும் வைத்து வேலைவாய்ப்புக் கொள்கையோ பயிற்சித் திட்டமோ வகுப்பது எவ்வளவு பிழையாகலாம் என்பதை இது காட்டுகிறது. அதேபோல, 16 பேரை, அதுவும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளோடு பார்த்த ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு ‘இந்தக் கருவிகள் பயனற்றவை’ என்று ஓர் அமைச்சகம் முடிவெடுத்தால் அதுவும் பிழையே. ஒரே ஆய்வு கேள்வியை எழுப்பப் போதும், சட்டத்தை எழுதப் போதாது.

சான்றைக் கட்டாயமாக்கும் வழி

நான்காவது வழியை எஸ்.பி. 53 எடுத்திருக்கிறது. பெரிய மாதிரிகளை உருவாக்கும், ஆண்டு வருவாய் 50 கோடி டாலரைத் தாண்டிய நிறுவனங்கள், பேரழிவு ஆபத்தை எப்படி மதிப்பிடுகின்றன என்பதை எழுதி வெளியிட வேண்டும். கடுமையான பாதுகாப்புச் சம்பவம் நேர்ந்தால் 15 நாட்களுக்குள், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 24 மணி நேரத்துக்குள், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்துக்குள் இருந்து ஆபத்தைச் சுட்டிக்காட்டும் ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மீறலுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். முன்கூட்டிய தடை எதையும் இது விதிக்கவில்லை. அடுத்த சட்டத்தை எழுதுவதற்கு வேண்டிய மூலப்பொருளை இப்போதே சேகரிக்கத் தொடங்குகிறது.

சம்பவ அறிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, விமானத் துறையைப் பார்க்கலாம். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனிய மலையொன்றில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்க அணுகலாம் என்ற அனுமதியைக் கேட்ட விமானிகள், உடனே தாழ்வாக இறங்கலாம் என்று புரிந்துகொண்டதே அதன் மையக் காரணம். விசாரணையில் தெரியவந்த உண்மை இன்னும் கொடுமையானது: சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே இடத்தில், இதே குழப்பத்தால், மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் அதைத் தெரிவித்தார்கள்; நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. எச்சரிக்கை மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச்சேர வழி இல்லை. சான்று இருந்தது, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 1976இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை தொடங்கப்பட்டபோது, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் அதை விடாமல், அத்தகைய அதிகாரம் இல்லாத நாசாவிடம் ஒப்படைத்தார்கள். பிழையைச் சொன்னவர் அதனாலேயே தண்டனைக்கு ஆளாகமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வார் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

செயற்கை நுண்ணறிவுத் துறையின் இன்றைய நிலைமை அந்த 1974ஆம் ஆண்டை ஒத்தது. ஒரு மாதிரி எங்கே தடுமாறியது, எந்தத் தடுப்பு உடைந்தது என்ற அறிவு ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் இருக்கிறது. சில நிறுவனங்கள் தாமாகவே வெளியிடுகின்றன, அவற்றைப் பாராட்டலாம். ஆனால் வெளியிடுபவர் மட்டும் செய்தித்தாளில் அடிபட, மௌனமாக இருப்பவர் தப்பிக்கும் சூழலில் தாமாக வெளியிடும் வழக்கம் நெடுநாள் நிலைக்காது.

எஸ்.பி. 53க்கும் குறைகள் உண்டு, அவை சிறியவை அல்ல. முந்தைய மசோதாவில் இருந்த வெளியார் தணிக்கை இதில் இல்லை. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதுவதை யாரும் உடனுக்குடன் சரிபார்ப்பதில்லை. பேரழிவு என்பதை 50 பேருக்கு மேல் உயிரிழப்பு அல்லது கடுமையான காயம், அல்லது 100 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று வரையறுத்திருப்பதால், அன்றாடம் நடக்கும் சிறு தீங்குகள், தவறாக மறுக்கப்படும் கடனோ வேலையோ, இதன் கண்ணில் படுவதில்லை. அரசுக்குச் செல்லும் சம்பவ அறிக்கைகளைப் பொதுமக்கள் நேரடியாகப் பார்க்க முடியாது. பெயர் நீக்கிய தொகுப்பு ஆண்டறிக்கை மட்டுமே 2027 முதல் வரும்.

இந்தியாவுக்கு எது பொருந்தும்

2025 நவம்பர் 5 அன்று இந்திய அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுமை வழிகாட்டு நெறிகள், சென்னை ஐஐடியின் பேராசிரியர் பலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு வரைந்தவை. இப்போதைக்குத் தனிச்சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டங்களைப் பயன்படுத்தலாம் என்பது அதன் முடிவு. அத்துடன் செயற்கை நுண்ணறிவுச் சம்பவங்களுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்றையும் அது பரிந்துரைத்திருக்கிறது. முதல் பாதி காத்திருக்கும் வழி, இரண்டாம் பாதி சான்றைச் சேர்க்கும் வழி. எதன் பக்கம் தராசு சாயும் என்பது அந்தத் தரவுத்தளம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

என் தேர்வு நான்காவது வழி. அதற்குத் துணையாக மூன்றாவது. ஐரோப்பிய முறையை இங்கே அப்படியே கொண்டுவந்தால், அளவிடும் ஆய்வகங்கள் நம்மிடம் போதிய அளவில் உருவாவதற்கு முன்பே கடமைகள் வந்துவிடும். 2024 மார்ச்சில் நடந்தது பெரிய அளவில் திரும்பும். காத்திருந்தாலோ, சான்று தானாக நம் மொழிகளில் வந்து சேராது. 2023இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜிபிடி-4 ஆங்கிலத்தில் மறுத்த ஆபத்தான கேள்விகளை, பயிற்சித் தரவு குறைவாக உள்ள சூலு, ஸ்காட்ஸ் கேலிக் போன்ற மொழிகளுக்கு மாற்றிக் கேட்டபோது தடுப்புகள் பெருமளவில் உடைந்ததைக் காட்டினார்கள். தமிழிலும் சந்தாலியிலும் மைதிலியிலும் இன்றைய மாதிரிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கலிஃபோர்னியாவோ லண்டனோ நமக்காக அளந்து தராது. அதை அளப்பது 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தியச் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

புதிய சட்டம் இல்லாமலேயே அரசு கையில் ஒரு வலுவான கருவி இருக்கிறது: கொள்முதல். தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, அரசுத் துறைகள் இத்தகைய அமைப்பை மக்களிடம் கொண்டுசெல்லும் முன் மதிப்பெண் அட்டை ஒன்றால் அதை மதிப்பிட வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. ரேஷன், ஓய்வூதியம், காவல் ஆகிய துறைகளுக்கு மென்பொருள் விற்க வருபவரிடம், ‘எந்த மக்களிடம், எந்த மொழியில் சோதித்தீர்கள், பிழை எவ்வளவு’ என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்பதும், அந்த விடையைப் பொதுவில் வைப்பதும் ஒப்பந்தப்புள்ளியின் ஒரு பத்தியிலேயே முடியும் காரியம்.

தரவுத்தளத்தைப் பொறுத்தவரை மூன்று முடிவுகளை இப்போதே எடுக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் கடுமையான சம்பவங்களைத் தெரிவிப்பது கட்டாயம், சிறு நிறுவனங்களுக்கு விருப்பம். தரவுத்தளத்தை நடத்துவது, நாசாவைப் போல, அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லாத ஓர் அமைப்பு. பெயர் நீக்கிய முழுத் தரவும் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் கலிஃபோர்னியாவைவிட ஓரடி முன்னே போகலாம்.

இந்தத் தேர்வை நான் மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும் நிலைகளும் உண்டு. 2027இல் வரவிருக்கும் கலிஃபோர்னியாவின் முதல் தொகுப்பறிக்கையில் சம்பவங்கள் பெயரளவுக்கே பதிவாகி, அதே காலத்தில் வெளி ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பல கடுமையான சம்பவங்களைக் கண்டுபிடித்திருந்தால், சுய அறிக்கை போதாது என்றும், எஸ்.பி. 1047இல் இருந்த கட்டாய வெளியார் தணிக்கையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றும் வாதிடுவேன். அதற்கு மாறாக, பதிவாகும் சம்பவங்களில் பெரும்பாலானவை பெரிய மாதிரிகளிலிருந்து வராமல், அவற்றின் மேல் கட்டப்பட்ட சிறு செயலிகளிலிருந்து வந்தால், கணக்கீட்டு வரம்பைக் கைவிட்டுப் பயன்பாட்டைக் கொண்டு விதி வகுப்பதே சரி.